ஏழு வட்டங்கள்

2022ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த ஜூலையில்தான் அந்நாட்டின் வெப்பம் முதன்முறையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. பூங்காப் புல்வெளிகள் நம் சித்திரை மாதத்துக் களத்துமேட்டைப் போல் வெளிறிக் கிடந்தன. அப்படியொரு பூங்காவில், பேரனோடு பந்து விளையாடியபோது மகளின் திருமண மோதிரம் தொலைந்துவிட்டது. குருவானவர் மந்திரித்துத் தந்த மோதிரம். அவள் அழவில்லை, வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவரிடம் மெட்டல் டிடெக்டர் இருந்தது. நீண்ட தண்டின் முனையில் தட்டுப் போன்றதொரு கம்பிச்சுருள். மண்ணுள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும். பூங்காவில் அதைக் கொண்டு தேட நகர மன்றத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றிருந்தார். நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி அங்கே தேடலாகாது. புதையல் என்று கருதத்தக்கது அகப்பட்டால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள்களுக்குள் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். அகால மரணங்களை விசாரிக்கும் அதிகாரியே புதையலையும் விசாரிப்பது எனக்கு விநோதமாகப் பட்டது.

தோண்டும் முறையையும் அவர் விளக்கினார். குதிரை லாடத்தைப் போல் வளைத்து வெட்டி, ஒரு பக்கத்து வேர்களை மட்டும் அறுக்காமல் விட்டு, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் புல்லைப் புரட்ட வேண்டும். மண்ணைப் புல்மேல் கொட்டாமல் ஒரு துணியில் குவித்து, தேடி முடித்ததும் ஒரு பிடியும் குறையாமல் குழியில் இட்டு, புல்லை மூடிக் காலால் அழுத்த வேண்டும். பிறகு நாமே தேடினாலும் அவ்விடம் தெரியக்கூடாதாம்.

"ஆனால் இந்த வறட்சியில் தோண்டவே கூடாது. வெட்டிய புல் பிழைக்காது. நேற்று விழுந்த மோதிரம் புல்லின் அடியில்தான் கிடக்கும், மண்ணுக்குள் போயிராது" என்றார்.

அன்று மாலை இருவரும் தேடினோம், அகப்படவில்லை. கருவியை எங்கள் வீட்டிலேயே வைத்துச் சென்றார். மறுநாள் விடியலில், எவரிடமும் சொல்லாமல், அதையும் தோட்டத்துச் சிறுகரண்டியையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். ஒலி எழும்போதெல்லாம் நெஞ்சு துடித்தது. குளிர்பான டப்பாவின் இழுவளையம் தங்க மோதிரத்தைப் போன்றே ஒலிக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஏழு இடங்களில் புல்லை முழு வட்டமாக அறுத்தெடுத்தேன். கிடைத்தவை ஐந்து வளையங்கள், ஓர் ஆணி, ஒரு பென்னி. வட்டங்களை ஏனோதானோவென்று அமுக்கிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு பெஞ்சின் கீழே, காய்ந்த புல்லின் நடுவே, பெரியவர் மோதிரத்தைக் கண்டெடுத்தார். குனிந்து எடுத்ததோடு சரி. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. நான் தோண்டியதை அடியோடு மறந்தேன்.

பத்து நாள்களில் ஏழு வட்டங்களும் கருகின. ஒன்றை நாயோ காக்கையோ இழுத்தெறிய, குழி வாய் பிளந்து கிடந்தது. பேரன் ஓடி விளையாடும் பாதை அது. பூங்காக் காவலர் நேரே பெரியவரைத்தான் கேட்டிருக்கிறார். அனுமதிச் சீட்டு அவர் பெயரில்தானே இருக்கிறது! "சரி செய்துவிடுகிறேன்" என்று மட்டும் அவர் சொன்னாராம். அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. இதை அவருடைய மனைவி வேலிக்கு அப்பால் நின்று என் மகளிடம் சொல்ல, நான் உள்ளேயிருந்து கேட்டேன். அவர் என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காலையில் மகளை அழைத்துக்கொண்டு காவலரிடம் போய், "தோண்டியவன் நான்" என்றேன். ஆங்கிலத்தில் சொல்ல மிக எளிய வாக்கியம்தான், தொண்டை அடைத்தது. அவர் என்னையும் மகளின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். குழிகளை உடனே மண்ணிட்டு நிரப்ப வேண்டும்; செப்டம்பரில் மழை வந்த பின்னரே புல்விதை தூவ வேண்டும் என்றார். அனுமதியைப் பற்றி மேலே எழுதிக் கேட்பதாகவும் சொன்னார்.

நான் ஊர் திரும்ப ஆகஸ்டு இறுதிக்குச் சீட்டு எடுத்திருந்தேன். அதை மாற்றினேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை விதைப் பொட்டலத்தோடு பூங்காவில் மண்டியிட்டபோது, பெரியவர் தம் பழைய துணியை என் அருகில் விரித்தார்.