தண்ணீர் போகும் வழி

வீட்டு வளவில் பெரிய மீன்தொட்டி கட்டப் போகிறோம் என்றால், தண்ணீர் எங்கிருந்து வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்போம். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. சமூகவியல் படித்துப் பட்டம் பெற்ற நானும் கேட்கவில்லை. அந்தத் தவறைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். 2009 இல் கணவரை இழந்த அக்கா ஒருவர், மகளுடன் வசிக்கிறார். காலில் ஷெல் துண்டு இருப்பதால் வயல் வேலைக்குப் போக முடியாது. 2023 இல் அலங்கார மீன் வளர்ப்புக்கு அவருக்கு உதவி கிடைத்தது. அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் சீமெந்துத் தொட்டி. ஏறக்குறைய 1,800 லீற்றர் பிடிக்கும். கப்பியும் மொலியும் விட்டோம்.

கட்டும்போதே மேசன் ஐயா சொன்னார். "பிள்ளை, கழிவுக் குழாய் வைக்காமல் அடித்தளம் போட்டால் பிறகு உடைக்க வேண்டி வரும்." காசு முடிந்துவிட்டது, பிறகு பார்ப்போம், இப்போதைக்கு வாளியால் அள்ளி ஊற்றலாம் என்றேன். கிழமைக்கு ஒரு தடவை காற்பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். அது 450 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் 45 தடவை. அந்தக் காலோடு அக்கா அள்ளினார். ஒருநாளும் என்னிடம் குறை சொல்லவில்லை.

அள்ளிய தண்ணீர் சரிவு வழியே வேலியைக் கடந்து பக்கத்து வீட்டு வளவில் தேங்கியது. அந்த வீட்டம்மாவும் கணவரை இழந்தவர். இருவரும் 2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். "எங்கட கிணத்தடிக்கு உந்த மீன் தண்ணி வரக்கூடாது" என்று அவர் ஒருநாள் சத்தம் போட்டார். சின்னப் பிரச்சினை என்று நான் பெரிதாக எடுக்கவில்லை.

கார்த்திகை மழை வந்தது. தொட்டியை வீட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிக் கட்டியிருந்தோம். கூரைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் விழுந்தது. வழிந்து போக வழி இல்லாததால் சுவரின் மேலால் பாய்ந்தது. விடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் மீன் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முழுவதும் சேறு. அக்கா சொன்னார்: "தங்கச்சி, மீன் போனால் போகட்டும். அவவோட இருந்த கதையும் போச்சுது." எனக்குப் பதில் வரவில்லை.

மீண்டும் கட்டியபோது முதலில் அக்காவிடம் கேட்டேன். அவர் மகளை அனுப்பிப் பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டார். முதல்நாள் வரவில்லை. அடுத்தநாள் வேலியடியில் நின்று, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே நிற்கும் என்று காட்டினார். அந்த நிலத்தைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

செய்தது இதுதான். அடித்தளத்தின் ஒரு மூலையை உடைத்து, அந்த மூலைக்குச் சரிவு வைத்து, இரண்டு அங்குல பிவிசி குழாய் பதித்தோம். அதில் இரண்டு அடி உயரக் குழாய் ஒன்றை ஒட்டாமல் நிமிர்த்திச் செருகினோம். தண்ணீர் அந்த உயரத்தைத் தாண்டினால் தானாகவே உள்ளே விழுந்து போகும். மின்சாரமும் மோட்டரும் தேவையில்லை. ஆனால் ஊத்தை அடியில்தான் படியும். அதனால் அந்தக் குழாயைச் சுற்றி, நீர்மட்டத்தை விட உயரமான நான்கு அங்குலக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதன் அடியில் துளைகள் வெட்டி, குஞ்சு போகாதபடி வலை சுற்றினோம். இப்போது அடித்தண்ணீர் துளைகளால் நுழைந்து, இரண்டு குழாய்களுக்கும் இடையால் ஏறி வெளியேறுகிறது. தண்ணீர் மாற்றும் நாளில் உள் குழாயைக் கழற்றி, ஆறு அங்குலம் குறைந்ததும் திரும்பச் செருகினால் போதும். வாளி வேண்டாம்.

வலை அடைபட்டால் என்ன செய்வது? நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே சுவரில் இன்னொரு குழாய் வைத்தோம். அதற்கும் வலை உண்டு. ஒரு அங்குலக் குழாய் மலிவு என்று பலர் அதை வாங்குவார்கள். இரண்டு அங்குலக் குழாயின் வாய் அதைப்போல நான்கு மடங்கு என்பதை மறக்கக்கூடாது. வெளிக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தோம். கூரைக்குப் பீலி பூட்டினோம். குழாயின் வாயைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், எல்லையில் நிற்கும் வாழைகளுக்குத் திருப்பினோம். மீன் எச்சம் வாழைக்கு நல்ல பசளை.

வலையில் கவனம் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளர்ப்பு மீன் குளங்களுக்குள் போய்விடக்கூடாது. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கும் ராங் கிளீனர் மீன், எமது நாட்டுக் குளங்களில் பெருகி மீன்பிடிப்பவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது.

அக்காவின் தொட்டியில் இப்போது மீண்டும் குஞ்சுகள் நிறைந்திருக்கின்றன. இரண்டு பெண்களும் முன்போலக் கதைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழைக்குத் தண்ணீர் வராத கிழமை, "இண்டைக்குக் குழாய் திறக்கேல்லையோ?" என்று வேலியடியில் நின்று கேட்கிறார்.

சகோதரிகளே, வாழ்வாதார உதவி என்று என்னைப் போன்ற ஒருவர் கடதாசியோடு உங்கள் வளவுக்கு வந்தால், கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: தண்ணீர் எங்கே போகும்? மாரியில் என்ன நடக்கும்? யார் அள்ளுவது? பதில் இல்லாவிட்டால் அத்திவாரம் வெட்ட விடாதீர்கள்.