கேட்பாரும் சொல்வாரும்

அயலார் வீட்டு அடுக்களையில் இன்று என்ன சமையல் என்று வாயிலில் நின்று வினவுதலே நயமன்று என்பர் நம் பெரியோர். அவ்வாறாயின், ஓர் இனத்தாரின் குலமுறையையும், வழிபாட்டு மறைகளையும், இறந்தோர் பெயர்களையும் ஏட்டில் எழுதுவான் வேண்டிக் கேட்டுச் செல்பவர் எத்துணை அடக்கமுடையராதல் வேண்டும்! பழங்குடி மக்களை ஆராயப் புகுந்தோர் பலர்க்கு அவ்வடக்கம் எளிதின் வாய்த்திலது.

நீலகிரி மலையில் வாழும் தோடர் சிறு தொகையினர். 1901 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது அவர்கள் ஏறத்தாழ 800 பேரே. அவர்தம் குடியிருப்பிற்கு மந்து என்பது பெயர். எருமையே அவர்க்குச் செல்வம், பால்மனையே கோயில், அங்குப் பால் கறந்து கடைபவனே பூசகன். அம்மக்களிடையே 1901-1902 ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞராகிய ரிவர்ஸ் என்பார் சில திங்கள் தங்கி ஆராய்ந்தார்.

அவர் தோட மொழி அறியார். துபாஷிகளின் துணைகொண்டே வினவினார். அவர்களுள் ஒருவர் கிறித்தவ சமயத்தைப் பரப்பும் பணியில் இருந்தவர். தம் தெய்வத்தின் மறைகளை, அத்தெய்வத்தை விட்டு வருமாறு அழைக்கும் ஒருவர் வாயிலாகவே சொல்ல வேண்டிய நிலை தோடர்க்கு நேர்ந்தது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. யார்க்கு யார் எம்முறையினர் என்பதைக் கொடிவழி எழுதி அறிதல் ரிவர்ஸ் கண்ட முறை. அதற்கு முன்னோர் பெயர்கள் வேண்டும். தோடரோ இறந்தோர் பெயரை நாவால் உரையார். இது நமக்கு வியப்பாதல் வேண்டா. கணவன் பெயரைச் சொல்லாத மூதாட்டியர் நம் ஊர்களிலும் இருந்தனரன்றோ? குடிமதிப்பு எழுத வந்தவரிடம் ஆறு விரல்களை நீட்டி, முகத்தையும் தொட்டுக் காட்டி, ஆறுமுகம் என்பதை உணர்த்திய அம்மையார்கள் எத்தனையோ பேர்! ரிவர்ஸ் ஒரு குடும்பத்தாரின் முன்னோர் பெயர்களைப் பிற குடும்பத்தாரிடம் தனிமையில் கேட்டு எழுதிக்கொண்டார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்து உண்மை கண்டார். ஆராய்ச்சி நெறிக்கு இஃது அழகே. ஆயினும், தாம் சொல்லாது காத்த பெயரை அயலகத்தார் சொல்லிவிட்டனர் என்று அறிந்தால் ஒரு மனம் எவ்வாறு நோகும் என்பது அந்நெறிக்குள் அடங்காத செய்தி.

பின்னர் நேர்ந்ததுதான் துயரமானது. அவர்க்கு மறைகளை வெளியிட்டோர் சிலர்க்கு இடர்கள் நேர்ந்தன. ஒருவர் இல்லத்தில் சாவும் நிகழ்ந்தது. குறி சொல்வோர், மறையை அயலார்க்கு உரைத்தமையால் தெய்வம் சினந்தது என்றனர். அதுமுதல் பலர் வாய் திறக்க அஞ்சினர். ரிவர்ஸ் இதனை ஒளியாமல் தம் நூலிலேயே எழுதிவைத்தார், அந்நேர்மை போற்றத்தக்கது. 1906 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் 700 பக்கங்களுக்கு மேற்பட்டது. அஃது அவர்க்குப் பெரும்புகழ் தந்தது. சொன்னவர்க்கு எஞ்சியது அச்சம். குறி மெய்யோ பொய்யோ என்பது ஈண்டு வினாவன்று. உற்றாரை இழந்த ஒருவன், தன் நாவே அவ்விழப்பிற்குக் காரணம் என்று நம்புவானாயின், எந்தத் துபாஷி அவனைத் தேற்றவல்லார்?

மொழி ஆராய வந்த எமனோவுக்கு நேர்ந்த உழைப்பு வேறு வகையினது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய அவர், நம் செவிக்கும் எளிதில் பிடிபடாத தோடர் ஒலிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் தொகுத்த தோடர் பாடல்கள் நூலுருப் பெற்றது 1971 இல்! அவசரம் மிகுந்த இக்காலத்தார் அப்பொறுமையை எண்ணிப் பார்க்கலாம்.

சொல்லைக் கேட்ட காலம் போய்க் குருதியையே கேட்கும் காலமும் வந்தது. அமெரிக்க நாட்டு அரிசோனாவில், பெரும் பள்ளத்தாக்கின் அடியில் வாழ்வோர் ஹவாசுப்பாய் என்னும் பழங்குடியினர். நீரிழிவு நோய் அவர்களை வாட்டியது. 1990 ஆம் ஆண்டு முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் அவர்களிடம் குருதி பெற்றனர். நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி மக்கள் கொடுத்தனர். அவர்கள் ஒப்பமிட்ட தாளின் வாசகம் விரிந்த பொருளுடையது; அவருள் பலர்க்கு ஆங்கிலம் தாய்மொழியும் அன்று. அக்குருதி மனநோய் பற்றியும், அவ்வினத்தார் எங்கிருந்து வந்து குடியேறினர் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தப்பட்டது. அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர் தாம் என்பது அவர்தம் தொன்னம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தம் குருதியைக் கொண்டே மறுக்க முற்பட்டனர் என்று 2003 இல் அறிந்தபோது அவர்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு நிகழ்ந்தது. 2010 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் 41 பேர்க்கு 7,00,000 டாலர் தந்து, எஞ்சிய குருதியையும் திருப்பித்தர இசைந்தது.

அவ்வினத்தார் சிலர் பல்கலைக்கழகத்திற்கு நேரில் சென்றனர். குருதி வைத்திருந்த குளிர்ப்பேழையின் முன் நின்று தம் மொழியில் பாடி வழிபட்டனர். குருதி கொடுத்தவருள் சிலர் அதற்குள் இறந்துபட்டிருந்தனர்.