பத்தடி வீடு

மக்களே, ஹாஸ்டல் ரூம் சின்னதுன்னு புலம்புற ஆளா நீங்க? நானும்தான். போன வாரம் ஜெசிகா ப்ரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகம் படிச்சேன். அதில் வரும் லிண்டா மே, 64 வயது அமெரிக்கப் பாட்டி. ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் பத்தடி நீள ட்ரெய்லர்தான் அவருக்கு வீடு. செல்லப் பெயர் 'ஸ்க்வீஸ் இன்'. பேரிலேயே நெருக்கடி!

ஊர் சுத்துற ஆசைன்னு நினைச்சேன். இல்லை. காலம் முழுக்க உழைத்தும், வருகிற ஓய்வூதியம் வாடகைக்குப் பத்தாது. அதனால் கோடையில் கேம்ப் மைதானத்துக் கழிப்பறை கழுவுகிறார். பண்டிகை சீசனில் அமேசான் கிடங்கில் வேலை. கனவு மட்டும் பெரிசு. பழைய டயர்களில் மண்ணை இடித்து நிரப்பி, சுவர் எழுப்பி, சொந்தமா ஒரு வீடு கட்டணும். சிவில் படிக்கிற நான் அந்தப் பக்கத்திலேயே நின்னுட்டேன்.

என் ஃபீஸுக்காக எங்க வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு. அப்பாவுக்கு 58 வயசு, பென்ஷன் கிடையாது. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி, "பத்திரம் எப்போப்பா திரும்பி வரும்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ முதல்ல அரியரை முடிடா"ன்னார்.

ரெண்டு பேப்பர் பாக்கி. முடிச்சே ஆகணும்.

உங்க வீட்டுப் பத்திரம் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?