ஒருங்கிணைப்பின் எளிமையும் காப்பின் கடமையும்

நிருவாகம் வளருந்தோறும் அதன் கருவிகள் பெருகுகின்றன. கருவிகள் பெருகுந்தோறும் அவற்றைப் பேணும் சுமையும் பெருகுகின்றது. கணினித்துறை இதற்குத் தக்க சான்றாகும். முன்னர் நிறுவனங்கள் கணிப்புக்குச் சேவையகத்தையும், தரவுகளைச் சேமிக்கக் களஞ்சியத்தையும், இவற்றை இணைக்க வலையமைப்புச் சாதனத்தையும் வெவ்வேறு விற்பனையாளரிடம் வாங்கி, வெவ்வேறு வல்லுநரைக் கொண்டு பேணிவந்தன. பழுதொன்று நேர்ந்தவிடத்து, அது எவர் பொறுப்பு என்று தீர்மானிப்பதே பெரும்பாடாயிற்று.

இக்குறையைப் போக்க எழுந்ததே ஒருங்கிணைந்த கட்டமைப்பு. 2009ஆம் ஆண்டில் சிஸ்கோ, ஈ.எம்.சி., வி.எம்.வெயார் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் கூட்டுச்சேர்ந்து, மேற்கூறிய மூன்றையும் முன்னரே பொருத்திச் சோதித்து, 'வி-புளொக்' என்ற பெயரில் ஒரே தொகுதியாக வழங்க முற்பட்டன. வாங்குமிடம் ஒன்று; மேற்பார்வை ஒன்று; பொறுப்பும் ஒன்று. வல்லுநர் அருகிய நாடுகளுக்கு இஃது ஒரு வரமே எனலாம்.

அரசாங்கங்களும் ஒருமிப்பின் பயனை உணர்ந்தன. இலங்கையில் அமைச்சுகளும் திணைக்களங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் பொருட்டு அரச முகிற்கணிமை அமைந்தது. ஆயின் 2023 ஆகஸ்ட் இறுதியில் கப்பம் கோரும் நச்சுநிரல் அதனைத் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. இணைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலப்பகுதிக்கு இல்லாமையே இழப்புக்குக் காரணம். வசதி மிக்க தென்கொரியாவும் இதற்கு விலக்கன்று. 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரின் அரச தரவு நிலையத்தில் மூண்ட தீ, அலுவலர்களின் 858 டெராபைட் கோப்புகளை எரித்தது. அளவிற் பெரியதாதலால் அத்தொகுதிக்கு வெளியிடத்துப் பிரதி எடுக்கப்படவில்லை.

இவ்விழப்புகள் தலைநகரங்களோடு முடிவனவல்ல. அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில் அமைந்த கோமாரியை எண்ணிப்பார்க்கலாம். 2004 டிசெம்பர் 26இல் அக்கரையோரத்தைக் கடல் மேவியபோது, வீடுகளோடு வீட்டிலிருந்த சான்றிதழ்களும் உறுதிகளும் அள்ளுண்டு போயின. உயிர் தப்பியவர், தாம் இன்னார் என்பதனையே மீண்டும் நிறுவவேண்டியவராயினர். அத்தகையோருக்குக் கைகொடுப்பது பழைய கடதாசி நிருவாகத்தின் ஒரு நல்வழக்கம்: பிறப்பு, இறப்புப் பதிவுகளை இரட்டையாக எழுதி, இரண்டாம் பிரதியைப் பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பிவைத்தல். தாமதம் மிக்க அம்முறை, ஓரிடத்து அழிவு முழு அழிவாகாது காத்தது. புதிய முறை தாமதத்தை ஒழிக்கையில் இக்காப்பையும் ஒழித்துவிடலாகாது.

ஆதலால், ஒருங்கிணைப்பினால் மிஞ்சும் பணத்தை முழுவதும் ஆதாயமெனக் கணக்கிடுதல் தவறு. அதில் ஒரு பங்கு இரண்டாம் பிரதிக்கு உரியது. அப்பிரதி வேறிடத்தில், இணைப்பின்றி இருத்தல் வேண்டும். அதிலிருந்து தரவுகளை மீட்க முடிகின்றதா என்பதும் இடையிடையே சோதிக்கப்படவேண்டும். பத்திரங்களை ஒருமுறை கடலிடம் இழந்த மக்கள், அவற்றை மறுமுறை நிருவாகத்தின் கவனக்குறைவிடம் இழக்க நேர்தல் கொடிது. நிருவாகிக்கு வேலை எளிதாவது நன்றே. அவ்வெளிமையின் விலையைக் கோமாரி போன்ற ஊர்கள் செலுத்தாதவாறு காப்பது அவர்தம் கடமையாகும்.