எத்தனை தப்படி

ஜனவரி 8, 2025, புதன்
மூக்கில் இன்னும் குவார்ட்ஸ் தூசி. தும்மினால் வெள்ளை. பீங்கான் ஃபியூஸ் கட்டை ஆர்டர் பாதியாகிவிட்டது, பொம்மைதான் சோறு போடுகிறது. டெக்சாஸிலிருந்து அக்கா மகன் படம் அனுப்பியிருக்கிறான். வெள்ளைவால் மான். கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். 380 கெஜமாம். லேசரில் அளந்தானாம். அப்பாவிடம் காட்டினேன். மானைப் பார்க்கவே இல்லை. "எத்தனை தப்படி?"

ஜனவரி 9
கொல்லைக்குப் போனேன். விதைத்த மல்லாட்டை பாதி காலி. பன்றி. முந்திரித் தோப்பு ஓரம் ஒரு புள்ளிமான். பின்னங்கால் தொங்குகிறது. ஈ. நாய்க்கடி இல்லை, பால்ரஸ் குண்டு. எவனோ ராத்திரி லைட் அடித்து, எட்டாத தூரத்திலிருந்து சுட்டிருக்கிறான். அந்தக் குண்டு தூரம் போகப் போகச் சிதறும், கொல்லாது. கிட்டப் போனேன். மூன்று காலில் ஓடிவிட்டது. வனத்துறைக்குப் போன் பண்ணினேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றதும் இறங்கியது. சீ.

ஜனவரி 11
பேப்பரில் காட்டுப்பன்றி. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் தொடக்கூடாது. 3 கி.மீ. வரை பிடிக்கலாம். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள். மேப்பில் அளந்து பார்த்தேன். எங்கள் கொல்லை 2 கி.மீ. சொச்சம். கூண்டுதான். மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுங்கள் என்கிறாள் இவள். பன்றி பேரிலா? சிரித்தோம். ரொம்ப நாளாயிற்று.

ஜனவரி 13, போகி
புகை. அப்பாவுக்கு இருமல், ஆனால் பேச்சு நிற்கவில்லை. நாட்டுத் துப்பாக்கிக் காலம். மருந்து கெட்டித்தால் ஒரே வெடி. மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த ஊரில் நிற்கும். அதனால் முப்பது தப்படி, மிஞ்சினால் நாற்பது. காதுமடலில் ஈ உட்காருவது தெரியணும். பக்கவாட்டில் நிற்கணும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் ஒரு சாண் இடம், அவ்வளவுதான். வயிற்றில் பட்டால் நாள் முழுக்கச் சாகும்டா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தலைமுழுகினவர். விட்டதே நிம்மதி என்பார். இன்றைக்குக் கை தானாக மடங்குகிறது, பிடிக்கிற மாதிரி.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்
தூக்கமில்லை. கணக்குப் போட்டேன். 380 கெஜம் போகத் தோட்டாவுக்கு அரை நொடி பிடிக்கும். அதற்குள் மான் ஓர் அடி வைத்தால் போதும், நெஞ்சு இருந்த இடத்தில் வயிறு. காற்று வேறு. லேசர் தூரத்தைச் சொல்லும், மான் நிற்குமா என்று சொல்லாது. விழுந்ததா, ஓடியதா என்று அவனைக் கேட்டேன். நீல டிக் வந்தது. பதில் இல்லை.
தோப்பில் மானைக் காணோம்.

ஜனவரி 16
"ஓடிடுச்சு மாமா. ரெண்டு மணி நேரம் தேடினோம்."
கோபம் வந்தது. சொன்னானே என்றும் இருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவரோ மறுபடி, "தப்படி எத்தனைன்னு கேட்டியா?"

ஜனவரி 18
ஏரிக்கரையில் மான். கால் அப்படியே தொங்குகிறது. வனத்துறையினர் வலையோடு வந்தார்கள். தைலமரக் காட்டுக்குள் புகுந்துவிட்டது. நாளைக்கும் வருகிறார்களாம்.
அடுத்த சீசனுக்குத் தாத்தா எவ்வளவு தூரம் சொல்வார் என்று அக்கா மகன் கேட்டிருக்கிறான். ரைஃபிள், ஸ்கோப் எல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். நூறு கெஜம் என்றார். காபி குடித்ததும் எண்பது. படுத்தபிறகு கூப்பிட்டு, அறுபது.
நூறு என்றே அனுப்பிவிட்டேன்.