நாடகம் சொல்லிக்கொடுக்கப் போனேன்

தோட்டத்துத் திருவிழாவில் மேடை நாடகம் பார்த்து வளர்ந்தவர்களா நீங்கள்? அப்படியானால் நான் சொல்லப்போவது உங்களுக்கு முற்றிலும் புதிதாக இராது.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் திடலில் பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி மேடை போடுவார்கள். விடியற்காலையில் மரம் வெட்டிய கைகள் இரவில் அட்டைக் கத்தி பிடிக்கும். எங்கள் லயத்து மாமா ஒருவர் மீசையை வழித்துவிட்டுச் சேலை கட்டிக் கண்ணகியாக வந்து நின்றால், ஆயாக் கொட்டகைக் கிழவி முதல் கிராணி வீட்டு அம்மா வரை எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வீட்டில் ஒருநாளும் அழாத என் அம்மா, அந்தத் திடலில் மட்டும் விக்கி விக்கி அழுவார்.

1943-இல் என் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் தமிழர்கள் போனார்கள், எத்தனை ஆயிரம் பேர் திரும்பவில்லை என்பது உங்கள் வீடுகளிலும் பேசப்பட்டிருக்கும். அப்போது அம்மாவுக்கு ஏழு வயது. தாத்தா திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. பாட்டி பொட்டை அழிக்காமலே பல வருடம் இருந்தாராம். இவ்வளவும் நான் மற்றவர்கள் வாயால் கேட்டதுதான். அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியதில் தொடங்கிய ஆசை, பிறகு மனக்காயம் பட்டவர்களுக்கு நாடகம், களிமண், வண்ணம், பாட்டு இவற்றின் மூலம் ஆறுதல் தேடும் பயிற்சிகளில் கொண்டுபோய் விட்டது. அப்போதுதான் அகஸ்டோ போவால் என்ற பிரேசில் நாட்டு நாடகக்காரரைப் பற்றி அறிந்தேன். 1971-இல் இராணுவ அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வதைத்து, பிறகு நாடு கடந்து போக வைத்தது. பெரு நாட்டில் எழுத்தறிவு வகுப்புகளில் நாடகம் போட்டபோது நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் சில தாள்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்றானாம். பக்கத்து வீட்டுக்காரி படித்துப் பார்த்தால் அவை வேறொருத்தி எழுதிய காதல் கடிதங்கள்! அந்தக் கதையை நடித்துக் காட்டி, மனைவி என்ன செய்யலாம் என்று சபையைக் கேட்டார்கள். ஓர் அம்மாள் சொன்ன யோசனையை நடிகை எத்தனை முறை நடித்தும் அவருக்குத் திருப்தி இல்லை. சரி, நீங்களே வந்து காட்டுங்கள் என்றார் போவால். அந்த அம்மாள் மேடையேறி விளக்குமாற்றை எடுத்தாரே பார்க்கலாம்! அன்றிலிருந்து, பார்ப்பவர் எழுந்து நாடகத்தை நிறுத்தலாம், உள்ளே புகுந்து கதையை மாற்றலாம் என்பது அவருடைய முறையாயிற்று.

இந்தச் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு 2005 மே மாதம் ஒரு சிறு உதவிக் குழுவோடு இலங்கையின் மட்டக்களப்புக்குப் போனேன். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த கடல் பினாங்கிலும் கெடாவிலும் என்ன செய்தது என்பதை நாம் கண்டோம். இலங்கையில் அது 30,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியில், நான் போனபோது வீடுகளின் அத்திவாரங்கள்தான் வரிசையாக நின்றன. கல்லடிப் பக்கம் தகரக் கொட்டகைகளில் இருந்த பெண்களுக்கு நான் ‘மலேசியா டீச்சர்’ ஆனேன்.

அங்கே வெளியார் எவரும் புதுமை அல்லர். 1996-லேயே பால் ஹோகன் என்ற கனடா நாட்டு ஓவியரும், உள்ளூர்ப் பாதிரியார் சற்குணநாயகம் அவர்களும் சேர்ந்து, போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக மண் பிசையவும் கதை சொல்லவும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். அவர்கள் வருடக்கணக்கில் இருந்து செய்தவர்கள். இரண்டு வாரம் வந்து, பிள்ளைகளை அலையை வரையச் சொல்லி, படம் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம். ஆனால் நானும் அதே தவற்றைத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள். வட்டமாக நின்று கைதட்டி விளையாடினோம், சிரித்தோம். எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தெம்பில், “அன்றைக்குக் காலையில் நீங்கள் நின்ற நிலையை உடம்பால் காட்டுங்கள்” என்று சொல்லிவிட்டேன். நடந்ததைக் கிளறிக் கிளறிச் சொல்லவைத்தால் சிலருக்குக் கேடே வரும் என்று மனநல மருத்துவர்கள் எச்சரித்ததைப் படித்திருந்தும் சொன்னேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கணவரையும் மகளையும் இழந்தவர், கணவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கையை உயர்த்தினார்; எதையோ பிடித்திருப்பவர்போல் விரல்களை மடக்கினார்; அப்படியே நின்றுவிட்டார். “எனக்கு ஏலாது டீச்சர்” என்று மெல்லச் சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் இரவெல்லாம் தூங்கவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணீர் கொடுத்தார், பேச்சை மாற்றிவிட்டார்.

அது வைகாசி மாதம். மட்டக்களப்பில் கண்ணகியம்மன் கோயில்களின் கதவு திறக்கும் மாதம். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியின் கோபம் தணியச் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடுவார்கள். கடைசி இரவு பெண்கள் என்னையும் கூட்டிப்போனார்கள். உடுக்கை ஒலியில், வேப்பிலை வாசத்தில், ஆயிரம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் உன் கதையைச் சொல் என்று கேட்கவில்லை. கண்ணகியின் கதை பாடப்பட்டது. அவரவர் அழுகையை அவரவர் அழுதார்கள். கூட்டத்தில் அந்தப் பெண்ணும் இருந்தார். எனக்கு எங்கள் தோட்டத்துத் திடலும், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழும் அம்மாவும் கண்முன் வந்தார்கள். நான் சொல்லிக்கொடுக்க வந்ததை இவர்கள் பாட்டி காலத்திலிருந்தே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பிறகு என் பாடத்தை ஓரமாக வைத்தேன். “உங்களுக்கு என்ன நாடகம் போட ஆசை?” என்று கேட்டேன். அலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அலுவலகத்தைப் பற்றிச் சொன்னார்கள்! உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு பாடு என்பதை நடித்தார்கள். (காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய அந்த 2005-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது.) வேட்டியை மடித்துக் கட்டி, கரியால் மீசை வரைந்த ஒரு கிழவி அதிகாரியாக உட்கார்ந்து, “புருசன் செத்ததுக்குச் சாட்சி ஆரு?” என்று உறுமினாள். கொட்டகையே சிரித்தது. அவ்வூர்க் கூத்தில் பழகிய ஒருவர் மத்தளம் தட்டினார்.

விண்ணப்பித்த பெண் என்ன செய்யலாம், எழுந்து வந்து காட்டுங்கள் என்றேன். ஒருத்தி கெஞ்சினாள். ஒருத்தி திட்டினாள். ஒருத்தி மேசையைக் கவிழ்த்தாள். நாலாவதாக, வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் உள்ளே வந்தார். விண்ணப்பக்காரியின் இடத்துக்குப் போகாமல், அதிகாரிக் கிழவியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தாமே அமர்ந்தார். எதிரில் நின்றவளைப் பார்த்து, “வாங்க, இருங்க. முதல்ல தண்ணி குடிங்க” என்றார். பிறகு, “அவர்ர பேர் என்ன? நல்ல மனிசனா?” என்று கேட்டார்.

மத்தளக்காரர் கையை எடுத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கவில்லை. என் மூன்று மாத வேலையில் உருப்படியாகச் செய்தது அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததுதான்.

அந்தப் பெண் குணமாகிவிட்டார் என்று கதை முடிக்க எனக்கு உரிமை இல்லை. பிறகு ஒழுங்காக வந்தார். தாளம் போட்டார். சில நாள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்து போனார்.

ஆகஸ்டில் வீடு திரும்பினேன். அம்மா அப்போது என்னோடு பட்டணத்து வீட்டில் இருந்தார். நாங்கள் இருந்த தோட்டம் செம்பனையாகிப் பல வருடம் ஆகியிருந்தது. அடுப்படியில் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, இதையெல்லாம் சொன்னேன். தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மா கத்தியை வைத்துவிட்டு, “அந்தப் பொம்பள நெசமாவே தண்ணி குடுத்தாளா?” என்று கேட்டார். கொடுத்தாள் என்றேன்.

வெகுநேரம் கழித்து அம்மா சொன்னார்: “அப்பாவ லோரியில ஏத்துன அன்னிக்கு அவர் பசியாறி முடிக்கல. தட்டுல பாதி மரவள்ளிக்கிழங்கு இருந்திச்சு. வந்து தின்பாருன்னு எங்கம்மா மூடி வச்சாங்க. எனக்கு ஒரே பசி. சாயங்காலம் யாருக்கும் தெரியாம நான்தான் தின்னேன். வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு ரொம்ப நாளு பயந்துகிட்டே இருந்தேன்.”

நான் எழுந்து போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன்.