ஓசூர் வரை ஒரு நாள்

ஓசூர் என்றதும் நம்மில் பலருக்கு ரோஜாப் பூவும் ஃபாக்டரிச் சங்குச் சத்தமும்தான் ஞாபகம் வரும். ‘அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?’ என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். சேலத்தில் எங்கள் தெரு மகளிர் பதினெட்டு பேர் சேர்ந்து, ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் வேன் பிடித்துப் போய் வந்தோம். ஒரு நாளில் எவ்வளவு பார்க்க முடியும் என்பதைப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. தொப்பூர் கணவாய் வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் முன் சீட்டு கிடைக்கும். வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேனில் அதுதான் பலரைக் காப்பாற்றியது!

தர்மபுரி தாண்டி, கிருஷ்ணகிரி ஊருக்குள் நுழையும் முன்பே அணை வந்துவிடுகிறது. தென்பெண்ணையின் குறுக்கே, காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1957-ல் கட்டி முடித்த அணை. முழு உயரம் 52 அடி. 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்து தண்ணீர் வீணாகப் போனதும், பிறகு மதகுகளை மாற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பூங்காவில் குழந்தைகளை ஓடவிட்டுவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்தோம்.

இந்த ஆறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, பெங்களூர்க் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக் காலத்தில் அங்கே நுரை மலையாகப் பொங்கி, ரோட்டுக்கே வந்துவிடும். துணி சோப்புத் தூளும் அதில் ஒரு காரணம் என்கிறார்கள். அன்றிலிருந்து நான் பக்கெட்டில் தூள் போடும் கரண்டியைச் சின்னதாக மாற்றிவிட்டேன். துணி அதே வெளுப்புத்தான்!

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தோம். மாடு மீட்கப் போய் மாண்ட வீரனுக்குக் கல் நட்ட பூமி இது. இந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்று 2022-ல் அறிவித்தார்கள். ‘அப்போ நம்ம அரிவாள்மணைக்கு அவ்வளவு வயசா?’ என்று ஒரு பாட்டி கேட்க, ஒரே சிரிப்பு.

ஓசூருக்குப் போகிற வழியில் தொரப்பள்ளி. ராஜாஜி 1878-ல் பிறந்த ஓட்டு வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதுவும் எங்கள் சேலம் ஜில்லாதான். எங்கள் ஊர் நகராட்சித் தலைவராக இருந்தவர், பின்னால் நாட்டுக்கே கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தச் சின்ன வீட்டின் திண்ணையில் நின்றபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எங்களோடு வந்த மூன்றாம் வீட்டு அக்காவுக்கு இதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா, நிறைய எள்ளுருண்டை. அவருடைய பெண் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், விடுதியில் வாசம். வரன் ஒன்று வந்திருக்கிறது. வேலையை விட்டால்தான் பேச்சு என்கிறார்களாம். ‘போய்க் கூட்டிக்கிட்டு வந்துடு’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பெண்ணோ, போனில் பிடி கொடுக்கவில்லை. அக்காவுக்கு இது டூர் அல்ல என்பது எங்களில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு வேளைக்கு ஓசூர் சேர்ந்தோம். ஜூன் மாதத்திலும் காற்று இதமாக இருக்கிறது. கடைக்காரர் ஒருவரிடம் தெலுங்கும், அடுத்தவரிடம் கன்னடமும், நம்மிடம் தமிழும் பேசுகிறார். 1970-களில் சிப்காட் வந்தபோது மாறத் தொடங்கிய ஊர். டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் வந்தது. டைட்டன் கடிகாரமும் இந்த ஊர்ச் சரக்குதான். பக்கத்துக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் வேலைக்கு வந்த ஊருக்கு, இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பெண்கள் வந்து தங்குகிறார்கள்.

அக்காவின் பெண் ஹோட்டல் வாசலிலேயே காத்திருந்தாள். விடுதிக்குள் வெளியாட்களை விடமாட்டார்களாம். ஞாயிறு மாலை ஆறு வரை வெளியே இருக்கலாம்.

“ஏன் கண்ணு இப்படி இளைச்சுப் போயிட்டே?” என்று அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. காலை ஷிப்டுக்கு ஓடும் நாளில் டீயோடு சரி என்றாள். இது அவள் ஒருத்தியின் கதையல்ல. வெளியூரில் பெண் இருந்தால் வருஷம் ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபியோடு விழுங்கக் கூடாது, சத்து ஒட்டாது. எலுமிச்சைச் சாற்றோடு நல்லது. சமைக்க வசதியில்லாத பிள்ளைக்கு முருங்கைக்கீரைப் பொடியும் கடலை மிட்டாயும் கொடுத்தனுப்பலாம்.

நாலு மணிக்குச் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறினோம். கோயில் வரை வண்டி போகிறது, முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். பச்சை உடும்பாக ஓடிய சிவனைத் தொட்டதால் அம்மனும் பச்சை நிறமாகி மரகதாம்பாள் ஆனாள் என்பது தலபுராணம். மேலேயிருந்து ராமநாயக்கன் ஏரியும், அதற்கப்பால் வரிசை வரிசையாகத் தகரக் கூரைகளும் தெரிகின்றன.

“எந்தக் கூரை உன்னோடது?” என்று அக்கா கேட்டார். பெண் கை நீட்டிக் காட்டினாள். பிறகு பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். தம்பியின் காலேஜ் ஃபீஸ் எந்தெந்த மாதம் போனது என்பதற்கெல்லாம் அதில் வரி இருந்தது. கூட இருக்கும் பெண்களிடம் இந்தி கற்றுக்கொண்டதையும், லைனில் தன்னைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருப்பதையும் சொன்னாள்.

“கல்யாணம் வேண்டாங்கலேம்மா. வேலையை விடச் சொல்றவங்க வேண்டாம்.”

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பாஸ் புத்தகத்தை முந்தானையால் துடைத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆறு மணிக்குப் பெண்ணை விடுதி வாசலில் இறக்கிவிட்டோம். எள்ளுருண்டை டப்பாவோடு, நான் கொண்டுபோன முருங்கைப் பொடியும் அவளிடம் போய்விட்டது. சூளகிரி தாண்டும்போது அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். “கூட்டிக்கிட்டு வரலீங்க. அந்த வரனுக்கு இல்லேன்னு சொல்லிடுங்க. ஓசூர்ப் பக்கமா வேலை பார்க்கிற பையன் இருந்தா விசாரிங்க” என்றார். எதிர்முனையில் என்ன பதிலோ, “வந்து பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் மாம்பழத்துக்காக வேனை நிறுத்தச் சொன்னதும் அக்காதான். பெங்களூரா, செந்தூரா, அல்போன்ஸா என்று குவித்திருந்தார்கள். கிளிமூக்குப் பெங்களூரா ஊறுகாய்க்கும் சாம்பாருக்கும் ஏற்றது. அடியில் கசங்கிய பழத்தை வைத்துவிடுவார்கள், பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். அக்கா இரண்டு பெட்டி பேரம் பேசி வாங்கினார். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று நன்றாகப் பழுக்காத காயாகப் பொறுக்கியது. அடுத்த ஞாயிறு பஸ்ஸில் ஓசூருக்குக் கொண்டுபோகவாம்.